தொள்ளாயிரத்துப் பதினாலு

அவள் மோட்டார் வைண்டிங் செய்பவள். செம்புக் கம்பியின் கனம் விரல் பட்டாலே தெரிந்துவிடும். தையல்காரரான கணவரின் காது மெஷின் மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. காலையில் சார்ஜ் ஏற்றிப் போட்டால் நாலு மணிக்கெல்லாம் படுத்துவிடும். அதற்குப் பிறகு யார் எது சொன்னாலும் அவர் காதில் விழாமலே தலையாட்டுவார்.

"இந்த மாசம் பார்ப்பேன். அப்புறம் இந்தக் காது மெஷினை நூல் டப்பாவுல போட்டு மூடிருவேன். கேக்காம இருக்கிறதும் நிம்மதிதான்."

"உங்களுக்கு நிம்மதி. தொண்டை கிழியிறது எனக்கு."

கடையில் இரண்டு வகை பேட்டரி இருந்தது. எது உழைக்கும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினாள். ஒரு சோப்பு டப்பாவுக்குள் தானே மாறும் ரிலே சுவிட்ச் பொருத்தினாள். பேட்டரி வடிந்ததும் அது 'டக்' என்று சார்ஜுக்கு மாற்றும். நிரம்பியதும் ஒரு சின்ன பல்பைச் சுமையாக ஏற்றி மறுபடி வடியவிடும். சுற்றுக்கு மூன்று மணி நேரம். எத்தனை சுற்று என்று ஒரு பழைய கால்குலேட்டர் கூட்டிக்கொண்டே வரும்.

முதல் நாள் மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"உன் டப்பா கெட்டிக்காரி. தொள்ளாயிரத்துப் பதினாலு."

"காலையில வச்சதுக்கா?"

"பக்கத்துலதானே தைச்சுக்கிட்டிருந்தேன். சத்தமே இல்ல. சமத்தா ஓடுது."

உள்ளே டப்பா மரங்கொத்திபோலக் கொத்திக்கொண்டிருந்தது. மேஜையில் ஊசிகள் நடுங்கின. அவள் அவர் காதைப் பார்த்தாள். சார்ஜை மிச்சம் பிடிக்க மெஷினைக் கழற்றி வைத்திருந்தார். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து, எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

வடிந்த பேட்டரி, சுமை இறங்கியதும் தெம்பு வந்துவிட்டதாகக் காட்டும். ரிலே அதை நம்பி உடனே சுமையை ஏற்றும். பேட்டரி மறுபடி படுக்கும். சுமை இறங்க ஒரு வோல்ட் அளவு, ஏற அதைவிட நன்றாக உயர்ந்த இன்னோர் அளவு என்று பிரித்துவைத்தாள். டப்பா அடங்கியது.

முதல் வகை நாற்பத்தொன்றாவது சுற்றில் ஒரேயடியாகப் படுத்தது. இரண்டாவது நூற்றைத் தாண்டியும் சளைக்கவில்லை. அந்த வகையில் புதிதாக ஒன்று வாங்கி அவர் காது மெஷினில் போட்டாள். மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். டப்பா ஒருமுறை 'டக்' என்றது. ஊசி நின்றது.

"இத்தனை நாளா இது இப்படித்தான் கத்திக்கிட்டிருந்துச்சா?"

"ஆமாங்க."

"மனுஷன் எப்படி வேலை பார்க்கிறது? எடுத்து வெளியில வை."

அவள் அவரைப்போலவே தலையை மட்டும் ஆட்டினாள்.