மூட்டைப்பூச்சிக்கு ஒரு மறுப்பு

மெத்தைக்காரம்மாவின் கடையிலிருந்து எந்த மெத்தையும் சும்மா வெளியே போகாது. முதலில் அவருடைய நாத்தனார் அதன்மேல் புரள வேண்டும். ஆள் நல்ல வாட்டசாட்டம். எங்கே அமுங்குகிறது என்று அவள் காட்டினால், அந்த இடத்தில் தையலைப் பிரித்து இன்னும் பஞ்சு திணிப்பார் மெத்தைக்காரம்மா.

அப்படிப்பட்ட கடையின் பெயரோடுதான் யாரோ ஒரு புண்ணியவான், எங்கிருந்தோ எடுத்த மூட்டைப்பூச்சிப் படத்தை இணையத்தில் போட்டுவிட்டான். ஊரே பகிர்ந்தது. அன்றிலிருந்து கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இணையத்தில் வருவதற்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்று நகரமன்றத்தில் கருத்துக் கேட்கப்போகிறார்கள் என்றதும், மெத்தைக்காரம்மா வரிந்துகட்டிக்கொண்டு, அங்கே பேசப்போவதற்கு ஒத்திகையில் இறங்கினார்.

"பொய்னு புகார் வந்தா உடனே அழிச்சிடணும். அவ்வளவுதான்!"

புது மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்த நாத்தனார், "இங்க அமுங்குது அண்ணி" என்றாள்.

"மெத்தையா?"

"உங்க பேச்சு. போன வருஷம் குழாய்த்தண்ணி நாறுதுன்னு நீங்களும் இணையத்துல எழுதினீங்க. நகராட்சி ஆபீஸ்காரங்க பொய்னு சாதிச்சாங்க. அப்புறம் அவங்களே குழாயைத் தோண்டி மாத்தினாங்க. நீங்க கேக்கிற சட்டம் அன்னைக்கு இருந்திருந்தா, முதல்ல உங்க எழுத்துதான் அழிஞ்சிருக்கும்."

"நீ யார் பக்கம்டி?"

"கடை பக்கம். அங்க போய் முழிக்கிறதுக்கு இங்கேயே முழிச்சிடுங்க."

கோபம் மூக்குக்கு மேல் வந்தாலும், அவள் சொன்னது சரி என்று மெத்தைக்காரம்மாவுக்குப் பட்டது. பஞ்சு திணித்தபடியே முணுமுணுத்தார்: "பொய்யைப் பார்த்தது ஊர் முழுக்க. நான் போட்ட மறுப்பைப் பார்த்தது நீயும் உங்கண்ணனும்."

நாத்தனார் துள்ளி எழுந்தாள். "அதைச் சொல்லுங்க அண்ணி!"

மன்றத்தில் அதையே சொன்னார். பொய் யார் யார் கைக்குப் போனதோ, அத்தனை பேருக்கும் திருத்தமும் போக வேண்டும். தலைவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "எது பொய்னு யாரும்மா முடிவு பண்றது? ஆபீஸா?" என்றார். நாத்தனார் அமுங்குது என்று காட்டிய அதே இடம்! மெத்தைக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆபீஸ் மட்டும் வேணாங்க. குழாய்த்தண்ணி ஞாபகம் இருக்குல்ல? ரெண்டு பக்கமும் விசாரிச்சு, காரணத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதட்டும்."

தலைவர் உட்பட அரங்கமே சிரித்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். மன்றத்தில் கேட்டுக்கொண்டிருந்தவள். "அந்தப் படத்தை நானும் அனுப்பினேங்க" என்றாள் தயங்கியபடி.

"யாருக்கெல்லாம்?"

"எங்க சொந்தக்காரங்க மொத்தப் பேருக்கும்."

மெத்தைக்காரம்மா நாத்தனார் பக்கம் கையைக் காட்டினார். "அவ படுத்திருக்கிறதை ஒரு படம் எடுங்க. அதையும் அத்தனை பேருக்கும் அனுப்புங்க."

அந்தப் பெண் போனைத் தூக்கினாள்.

"இருங்க, இருங்க," என்றாள் நாத்தனார். "தலை வாரிட்டு வந்து படுக்கிறேன்."