தரகர் சேர்த்துவைத்த குடும்பம்

ஆபீசில் அவருக்குத் தரகர் என்று பட்டப்பெயர். புரதங்களுக்குச் சொந்தம் தேடிக் கொடுப்பது அவர் உத்தியோகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சொந்தக் காலில் நின்று ஜெயித்தவர்களுக்கே இது ஒரே மூச்சில் விளங்கும். புரதம் என்பது எழுத்துகளைக் கோத்தது போன்ற நீளச் சங்கிலி. புதுச் சங்கிலியைக் கணினித் தரவுத்தளத்தில் போட்டால், அதே சாயலுள்ள பழையவை வந்து நிற்கும். சாயல் ஒத்தால் ஒரே குடும்பம். குடும்பம் தெரிந்தால் அது செய்கிற வேலையும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். இதற்குத்தான் இத்தனை பட்டம், இத்தனை ஏசி.

ஒருநாள் யாரோடும் ஒட்டாத ஓர் அநாதைப் புரதம் வந்தது. சாப்பாட்டு நேரம், வயிறு வேறு கூப்பிட்டது. அரைகுறைச் சாயல் ஒன்றைப் பிடித்து, மற்றப் புரதங்களைத் துண்டு போடுகிற 'வெட்டும் குடும்பம்' என்று பெயர் போட்டுவிட்டு எழுந்தார். 'உத்தேசமாக' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்த்தால் கௌரவம் என்னாவது? அதன்பின் அந்தச் சாயலில் வந்ததையெல்லாம் மற்றத் தரவுத்தளங்களும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் குடும்பத்திலேயே சேர்த்தன.

பிரிவுத் தலைவர் நாற்காலி காலியானது. அதன்மேல் தரகருக்கு நெடுநாளாகக் கண். மனைவி புதுச் சட்டையே எடுத்து வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி அந்தப் புரதத்தைச் சோதித்துப் பார்த்தாள். அது எதையும் வெட்டவில்லை, அறுந்ததை ஒட்டியது.

"பேரை மாத்திடுங்க சார்," என்றாள் அவர் மேஜைக்கே வந்து.

"நீ ஒருத்தி சொல்றே. உலகமே வெட்டுதுன்னு சொல்லுதேம்மா."

"உலகம் யாரைப் பார்த்து எழுதுச்சு சார்?"

அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

விடாத பெண். தேர்வுக் குழுவிடமே சோதனை முடிவைக் கொடுத்துவிட்டாள். நாற்காலி போயிற்று என்றே தரகர் நினைத்தார். குழுவில் மூன்று பேர். அந்த வெட்டை நம்பிக் கட்டுரை எழுதிப் பேர் வாங்கியவர்கள்தான் மூவரும். காகிதத்தைப் படித்ததும் மூன்று முகமும் ஒரே சாயலில் வெளுத்தன. சாயல் ஒத்தால் ஒரே குடும்பம்தானே! ஒற்றைச் சோதனையை வைத்து அவசரப்பட வேண்டாம் என்று மூவரில் பெரியவர் கனைத்தார். நாற்காலி தரகருக்கே வந்தது.

"அந்தப் பொண்ணு சொன்னது சரியாங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"சரிதான்," என்று புதுச் சட்டையைக் கழற்றி மாட்டினார். "அதுக்காக?"

தலைவர் கையெழுத்தில்லாமல் எந்தப் புரதத்தின் பெயரையும் மாற்றக் கூடாது என்பது அவர் போட்ட முதல் உத்தரவு. கையெழுத்துக் கேட்டு முதலில் வந்தவள் அந்தப் பெண்ணேதான். பார்க்கலாம் என்றார். சாப்பாட்டு நேரமாகிவிட்டது.