ரூத் வாசிக்க இருந்த சனிக்கிழமை

நேற்று மருமகள் உளுந்தங்களி கிண்டினாள். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் கலந்த அந்த வாசனை, பசுமலையில் இப்போது இல்லாத ஓர் ஓட்டு வீட்டில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. யுத்தத்துக்கு முன்பே ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூத டாக்டர் ஒருவர் அங்கே குடியிருந்தார். மெழுகும் டிஞ்சரும் மணக்கும் முன்னறையில் உட்கார்ந்து, அவர் மகளும் என் வகுப்புத் தோழியுமான ரூத், வாரக்கணக்கில் எபிரேய வரிகளை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

“பன்னெண்டு முடிஞ்சா எங்கள்ல பொண்ணு பெரிய மனுசிடி. சனிக்கிழமை எல்லாரு முன்னாடியும் வேதம் வாசிக்கணும். அப்புறம் என் தப்புக்கு நாந்தான் பொறுப்பு” என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

பள்ளிக்கூடத்தில் நான், “ரூத் பெரிய மனுசியாயிட்டா” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு எல்லாரும் என்னைச் சுற்றி நின்று சிரித்தது பெருமையாக இருந்தது. பேச்சு எங்கள் வீடுவரை வந்துவிட்டது.

சனிக்கிழமை அந்த முன்னறையில் விருந்தினர் முன்னால் ரூத் புத்தகத்தை விரித்தபோது, என் அத்தை நான்கு பெண்களோடு களிச்சட்டியும் மஞ்சளுமாக உள்ளே வந்தாள்.

“தீட்டுப் புள்ளைய ஆம்பளைக முன்னால நிறுத்துவாகளா? ஓரமா உக்கார வையுங்கம்மா” என்றாள் ரூத்தின் அம்மாவிடம்.

வந்திருந்த ஆண்கள் தலைகுனிந்தார்கள். ரூத் முகம் சிவந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும் வழியில் அத்தை கேட்டாள்: “நல்லதுக்குத்தானே போனோம்? அந்தப் புள்ள ஏண்டி அம்புட்டு அழுகுது?”

“தெரியல அத்தை” என்றேன்.