ஜீரோ நிற்காத ஸ்கோப்

தேவதர்ஷினி துப்பாக்கி பிடிக்கக் கற்றது ஈரோட்டில், கல்லூரி என்.சி.சி.யில். குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை அழுத்துவது அவளுக்கு எப்படியோ வந்துவிட்டது. மாநில அளவில் ஒரு வெள்ளிப் பதக்கம் கூட வாங்கினாள். அது ஆக்லாந்தில் தனக்குச் சோறு போடும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

அந்த ஊரின் ஒடாஹுஹு பகுதியில் வேட்டைக்கும் மீன்பிடிக்குமான சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார் பழனிவேல். திண்டுக்கல்காரர். இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தூண்டில் விற்று ஆரம்பித்தவர். கடைக்கு மேலாளர் வேண்டும் என்று அவர் விளம்பரம் கொடுத்தபோது, டிப்ளமோ முடித்து விசா முடியும் தறுவாயில் இருந்த தேவதர்ஷினி விண்ணப்பித்தாள். பதக்கத்தைப் பற்றிப் படித்துவிட்டு அவர் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை சுடுதளத்துக்கு அழைத்துப் போய்க் கையில் ஒரு ரைஃபிளைக் கொடுத்தார். அவள் சுட்டதைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. "வேலை உனக்குத்தாம்மா" என்றார்.

வேலை விசாவில் அவள் பெயரோடு முதலாளியின் பெயரும் இருந்தது. அவரிடம் வேலை பார்க்கும்வரை அவள் இங்கே இருக்கலாம். அவள் இருக்கும்வரை கணவன் ராகேஷும் இருக்கலாம். வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில் பழனிவேல்தான், "எதுக்கு அலையிறீங்க? நம்ம வீட்டுக்குக் கீழ ஒரு யூனிட் சும்மாதானே கிடக்கு" என்று லின்ஃபீல்டில் தன் வீட்டின் கீழ்த்தளத்தைக் கொடுத்தார். அவர் மனைவி மீனாட்சி வாரத்தில் இரண்டு நாளாவது குழம்பு கொடுத்தனுப்புவார். நல்ல மனிதர்கள்தான். அதில் தேவதர்ஷினிக்குச் சந்தேகமே இல்லை.

துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியபோது போலீஸ் தரப்பில் ஒருவர் வந்து ராகேஷைத் தனியாக உட்காரவைத்து, வீட்டில் சண்டை வருமா என்று கேட்டார். உப்பு கூடினால் வரும் என்றான் அவன். அந்தக் கதையைக் கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார் பழனிவேல். அவளை வைத்து வீடியோ எடுக்கும் யோசனையும் அவருடையதே. புதிதாக எந்தச் சாமான் வந்தாலும் தேவதர்ஷினி சுடுதளத்தில் அதைச் சோதித்துப் பார்த்துச் சொல்வாள். அவர் போனில் படம் பிடித்துக் கடையின் பக்கத்தில் போடுவார். அவள் ஒன்றை நல்லது என்றால் வாங்கலாம் என்று ஒரு பேர் உண்டாகிவிட்டது. முன்பெல்லாம் கடைக்குள் தயங்கித் தயங்கி வந்த பெண்கள், அவளைத் தேடிக்கொண்டு நேராக வந்தார்கள்.

சென்ற மார்ச் மாதம் பழனிவேல் தன் கடையின் பெயரைப் பொறித்த ஸ்கோப்புகளை ஒரு கண்டெய்னரில் இறக்கினார். ரைஃபிளின் முதுகில் மாட்டுகிற தொலைநோக்கி. பெரிய கம்பெனிகள் விற்கும் விலையில் கால்வாசிதான். ஏப்ரலில் கிடா மான்கள் கத்தத் தொடங்கும் காலம். அப்போதுதான் இந்த ஊர்க்காரர்கள் காட்டுக்குக் கிளம்புவார்கள். அதற்குள் வீடியோ வந்தாக வேண்டும்.

புக்கெகோஹியைத் தாண்டி, வெங்காய வயல்கள் முடிந்து மேடு தொடங்கும் இடத்தில் இருந்தது சுடுதளம். காலையில் தூறி ஓய்ந்திருந்தது. ஆரஞ்சு நிற அங்கி போட்ட டெர்ரி என்ற கிழவர்தான் அங்கே பொறுப்பு. அவர் குரல் கொடுத்த பிறகுதான் யாரும் சுடலாம். நிறுத்தச் சொன்னால் துப்பாக்கியைத் திறந்து வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும்.

தேவதர்ஷினி புது ஸ்கோப்பை மாட்டி, நூறு மீட்டரில் ஜீரோ செய்தாள். கண்ணாடிக்குள் தெரியும் சிலுவைக்கோடு எங்கே நிற்கிறதோ, குண்டும் அங்கேயே போய் விழும்படி திருகிச் சரிசெய்வதுதான் அது. பிறகு ஐந்து குண்டுகள் சுட்டாள். ஐந்து ஓட்டைகளும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. திருகைப் பல படி மேலே ஏற்றிச் சுட்டாள், பழையபடி இறக்கிச் சுட்டாள். குண்டு சொன்னபடி கேட்டது. கண்ணாடியும் சுத்தம், எதிர் மேட்டுக் கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது. அவளுக்கே சந்தோஷமாகிவிட்டது. போனைப் பார்த்து, "இந்த விலைக்கு இப்படி ஒரு கண்ணாடியை நான் பார்த்ததில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பழனிவேல் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனை அணைத்துப் பைக்குள் வைத்தார்.

ஆனால் பெட்டியில் இன்னும் தோட்டாக்கள் இருந்தன. எதைச் சோதித்தாலும் பெட்டி காலியாகும்வரை சுட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். இருபது குண்டுகளைத் தாண்டியதும் ஓட்டைகள் இடப்பக்கம் நகரத் தொடங்கின. முதலில் ஒரு விரல் அகலம். பிறகு இரண்டு விரல். தன் தோள்தான் களைத்துவிட்டதோ என்று நினைத்தாள். குழாய் சூடாகிவிட்டதோ என்று ஆறவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தாள். ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களின் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தாள். எதுவும் தளரவில்லை. தன் பழைய ஸ்கோப்பை அதே ரைஃபிளில் மாட்டிச் சுட்டாள். குண்டுகள் அசையாமல் நடுவில் விழுந்தன. வேனிலிருந்து இன்னொரு புது ஸ்கோப்பை எடுத்துவந்து மாட்டினாள். அதுவும் இருபதைத் தாண்டியதும் நகர்ந்தது.

"அண்ணா, உள்ள ஏதோ அசையுதுங்க. ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சங் கொஞ்சமா நகர்ந்துக்குது."

"எத்தனை வெடிக்கு அப்புறம்?"

"இருபதுக்குப் பக்கமா."

பழனிவேல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஊர்ல வருஷத்துக்கு இருபது வெடி வெடிக்கிறவன் எத்தனை பேரு தர்ஷினி? இரும்பு பீரோவுல வெச்சுப் பூட்டுவான், ஏப்ரல்ல ஒரு தடவை எடுப்பான்."

"அப்ப அதையே சொல்லிடலாங்களாண்ணா? இருபது வெடிக்கு ஒருக்கா ஜீரோவ சரிபார்த்துக்கோங்கன்னு?"

"அப்படிச் சொன்னா எவன் வாங்குவான்?" அவர் குரல் உயரவில்லை. "நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலைம்மா. எடுத்த வீடியோ இருக்கு. அதுல நீ சொன்னது அத்தனையும் நெசம். அது போதும்."

டெர்ரி குரல் கொடுத்தார். எல்லோரும் இலக்குகளை எடுத்துவர நடந்தார்கள். தன் அட்டையைக் கழற்றும்போது, இடப்பக்கம் சிதறிக் கிடந்த ஓட்டைகளை டெர்ரி ஒரு நிமிஷம் பார்த்ததை அவள் கவனித்தாள். அவள் அட்டையை மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

திரும்பி வருவதும் பழனிவேலின் வேனில்தான். வழி நெடுக அவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தார்; மீனாட்சி அன்று மீன்குழம்பு வைத்திருக்கிறாள் என்றார். ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்குப் பதில் பேச வாய் வந்திருக்கும். வேலை முடிந்தால் எல்லோரும் முதலாளியை விட்டு வீட்டுக்குப் போவார்கள். அவள் முதலாளியோடு, முதலாளியின் வீட்டுக்கே போய் இறங்கினாள். கீழே யூனிட்டில் இருந்தால் மேலே அவர் நடப்பது கேட்கும். அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

புக்கெகோஹியில் காய்கறி பேக் செய்யும் இடத்தில் ராகேஷுக்கு வேலை. குளித்துவிட்டு வந்த பிறகும் அவன்மேல் வெங்காய வாசம் இருந்தது. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, தன்னை அறியாமல் கூரையை ஒரு தடவை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"ரெசிடென்ஸ் வரட்டும் தர்ஷு, அப்புறம் இங்கயே நிரந்தரமா இருந்துக்கலாம். அதுவரைக்கும் கண்டுக்காத. அதுக்கப்புறம் யாருகிட்ட என்ன வேணும்னாலும் சொல்லிக்க."

"அதுக்குள்ள எத்தனை பேரு வாங்குவாங்க?"

"வாங்கட்டும். நாம என்ன பண்ண முடியும்?"

வீடியோ போட்ட வாரத்தில் ஸ்கோப் நன்றாக ஓடியது. அதை வாங்குகிறவர்களுக்கு அவள் பில் போடும்போது, ஜீரோவை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொல்வாள். எல்லாக் கடையிலும் சொல்கிற பேச்சு என்று அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஏப்ரல் போனது. யாரும் புகாரோடு வரவில்லை. பழனிவேல் சொன்னதுதான் சரியோ என்றுகூட அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. அப்படித் தோன்றியது பிடிக்கவும் இல்லை.

மே மாதம் ஒரு நாள் கம்சாயினி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து வேட்டை பழகிக்கொண்டிருந்தாள். ஸ்கோப் வாங்க வந்த அன்று அரைமணி நேரம் சந்தோஷமாகப் பேசிவிட்டுப் போனவள், இன்று அதே ஸ்கோப்பைப் பெட்டியோடு கவுண்டரில் வைத்தாள்.

"அக்கா, இதைத் திருப்பி எடுப்பீங்களோ? எனக்கு இந்த வேலை சரிவராது."

"ஏனுங்க, என்னாச்சு?"

"மான் ஒண்டைச் சுட்டனான். நல்ல கிட்டத்தான் நிண்டது. நெஞ்சுக்குத்தான் வைச்சனான், ஆனா வயித்தில பட்டிட்டுது. அது ஓடிட்டுது. பின்னேரம் வரைக்கும் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடினோம். கிடைக்கேல்லை." அவள் கண்கள் நிறைந்தன. "காட்டுக்குப் போறதுக்கு முதல் நாள்கூட அவ்வளவு நேரம் சுட்டுப் பழகினனான் அக்கா. என்ர கைதான் நடுங்கிப் போச்சுது போல."

பக்கத்தில் தூண்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த பழனிவேல் திரும்பினார். "முதல் தடவை எல்லாருக்கும் நடுங்கும்மா. மனசு விட்டுடாதீங்க. இன்னும் ரெண்டு தடவை ரேஞ்சுக்குப் போங்க, தன்னால வந்துரும்" என்றார் பரிவாக.

கம்சாயினி தலையாட்டினாள். பிறகு தேவதர்ஷினியைப் பார்த்தாள். தேவதர்ஷினி பெட்டியின் மூடியைத் திறந்தாள், மூடினாள். பழனிவேல் அங்கேயே நின்றார். "சரி அக்கா, நானே வைச்சிருக்கிறன்" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு கம்சாயினி வெளியே போனாள்.

கதவு மூடிய சத்தம் கேட்டது. தேவதர்ஷினி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். கார் நிறுத்துமிடத்தில் கம்சாயினி கதவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"உங்க கை இல்லைங்க. ஸ்கோப்புதான். இருபது வெடிக்கு மேல அது நிக்காது. நீங்க முதல் நாள் பழகினதுலயே நகர்ந்திருக்கும்."

கம்சாயினிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகம் மாறியது.

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஆமா."

"அப்ப ஏன் வீடியோவில அப்பிடிக் கதைச்சீங்கள்?"

தேவதர்ஷினி கடையைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பழனிவேல் நின்றார். விசாவைப் பற்றி, வீட்டைப் பற்றி, எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நினைத்தாள். காட்டில் வயிறு கிழிந்து எங்கோ கிடந்து செத்த மானுக்கு முன்னால் அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

"பணத்தைத் திருப்பி வாங்கித் தர்றேங்க" என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கு என்ர கையில பிழை எண்டு ஒரு மாசமா நித்திரை இல்லை" என்றாள் கம்சாயினி. பெட்டியைத் தேவதர்ஷினியின் கையில் திணித்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள்.

பழனிவேல் பணத்தைத் தானே கம்சாயினியின் கார்டுக்குத் திருப்பிப் போட்டார். சாயங்காலம் யூனிட்டின் கதவைத் தட்டி, ரசமும் பொரியலும் இருந்த பாத்திரங்களை ராகேஷிடம் கொடுத்தார். உள்ளே வரவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட நீ சொன்னது தப்பில்ல தர்ஷினி. ஆனா கடை வாசல்ல வெச்சுச் சொல்லியிருக்க வேணாம்." படியில் கால் வைத்தவர் திரும்பினார். "ரெசிடென்ஸ் வர்ற நேரம். நிதானமா இரும்மா."

அவர் படியேறிப் போன பிறகு இருவரும் அந்தக் கடைசி வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பேசினார்கள். அது மிரட்டல் என்றான் ராகேஷ். இல்லை, அக்கறைதான் என்றாள் அவள். சாப்பிட்டு முடித்தபோது அவன் அக்கறை என்றான், அவள் மிரட்டல் என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் சுடுதளத்துக்கு ஒரு சின்னப் பாயிண்ட் டூ டூ ரைஃபிளையும் எடுத்துவந்தாள். முயலுக்கு வைக்கிற சின்னத் தோட்டா, உதையே இருக்காது. புது ஸ்கோப்பை அதில் மாட்டிச் சுட்டாள். பெட்டி பெட்டியாகத் தீர்த்தாள். ஓட்டைகள் நகரவில்லை. பழனிவேல் பின்னால் கைகட்டி நின்று பார்த்தார்.

"அண்ணா, இதை முயல் துப்பாக்கிக்குன்னு வித்தா ஒரு குறையும் இல்லீங்க. புக்கெகோஹித் தோட்டக்காரங்க எல்லாரும் வாங்குவாங்க. பெரிய ரைஃபிளுக்கு வேண்டாம்னு நானே வீடியோவுல சொல்றேன்."

"சரி, வீடியோ எடுக்கலாம்" என்றார் அவர். "முயலுக்கு நல்லதுன்னு சொல்லு. மத்ததுக்கு வேண்டாம்னு சொல்லாத. பழைய வீடியோவை நான் எடுத்துடறேன்."

அவ்வளவுதான் கிடைத்தது. பழைய வீடியோ அன்றே காணாமல் போனது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. தேவதர்ஷினி கம்சாயினிக்கு நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினாள். படித்ததற்கு அடையாளமாக நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

ஜூனில் அவளும் ராகேஷும் வேறு வீடு பார்க்கத் தொடங்கினார்கள். பாப்பாடோடோவில் ஒரு வீடு பிடித்திருந்தது. ஈரம் ஏறாத சுவர், தலைக்கு மேல் யாரும் இல்லை. வாடகைக்கு விடும் ஏஜென்ட் பெண், இப்போதைய வீட்டுக்காரரிடம் ஒரு கடிதமும் முதலாளியிடம் ஒரு கடிதமும் வேண்டும் என்றாள். காரில் ஏறியதும், "ரெண்டு லெட்டரும் ஒரே கையெழுத்து" என்றான் ராகேஷ். தேவதர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை கடையைத் திறக்கும்போது அவள் அந்தக் கடிதங்களைக் கேட்டாள்.

பழனிவேல் சாவியைப் பூட்டில் வைத்தபடியே நின்றார். "எதுக்கும்மா வெளிய? இங்க உங்களுக்கு என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்லீங்கண்ணா."

"அப்புறம்?"

"லெட்டர் வேணுங்க. ரெண்டும்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அது மட்டும் அவளால் முடிந்தது. "பாக்கலாம்" என்று ஷட்டரைத் தூக்கினார்.

வியாழக்கிழமை இரண்டு கடிதங்களையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தார். நேர்மையானவள், நம்பலாம் என்று அழகாக எழுதியிருந்தார். ஏஜென்ட்டுக்கு போன் செய்தபோது, அந்த வீடு முந்தின நாளே வேறொருவருக்குப் போய்விட்டது என்றாள். தேவதர்ஷினி உறையைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மாங்கரேயில் இன்னொரு வீடு இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் பார்க்கலாம் என்றார்கள். அன்று காலையில் சுடுதளத்தில் ஒரு பைனாகுலர் சோதனை இருந்தது. அங்கிருந்து நேராக வீடு பார்க்கப் போக வேண்டும், அதனால் வேனில் வராமல் தங்கள் காரிலேயே சுடுதளத்துக்கு வந்துவிடுவதாகப் பழனிவேலிடம் சொன்னாள்.