கினுயோவின் கண்ணாடித் திருகாணி

கினுயோ வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். முதல் தடவை அடுப்புக்காக, இரண்டாவது ஜன்னலுக்காக. மூன்றாவது எதற்கென்று அவளுக்கே தெரியாது. அதனால் ஐந்து மணி வேலைக்கு நாலரைக்கே கிளம்பிவிடுவாள்.

ஜப்பானில் இவாத்தே மலைப்பக்கம் எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஓனோதெராவின் சாப்பாட்டுப் பெட்டிக் கடை. அங்கே நான் மீன் சுடுகிறவள். கினுயோவுடையது கடைசி வேலை. சோறும் பலவகைத் துணையும் வைக்கும் மகுனோஉச்சிப் பெட்டியில் சுட்ட சால்மன், முட்டைச் சுருள், மீன் பிட்டுத் துண்டு, வேகவைத்த கிழங்கு எல்லாம் அமர்ந்த பிறகு, கறுப்பு எள் தூவிய சோற்றின் நடுவில் உப்பில் ஊறிய பிளம் பழம் ஒன்றை வைப்பாள். குனிந்து ஒரு பார்வை பார்ப்பாள். மூடுவாள். சில சமயம் மூடியதையே திறந்து மறுபடி பார்ப்பாள். மீன் நீந்திப் போயிருக்குமோ என்று ஓனோதெரா கிண்டல் செய்வார். அவள் சிரிக்க மாட்டாள்.

அன்றைக்குச் செவ்வந்தி வளர்ப்போர் சங்கத்திலிருந்து இருபத்தேழு பேர், கடற்கரை ஊரில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்கு எட்டு நாற்பது ரயிலில் போவதாக இருந்தது. ஓனோதெரா எட்டேகாலுக்கு நடைமேடைக்கே போய்ப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு வந்தார். கினுயோ முகம் கழுவக் கண்ணாடியைக் கழற்றினாள். அதன் காதுக் கம்பி ஒன்று மட்டும் தனியாகக் கையோடு வந்தது. திருகாணியைக் காணோம்.

"மிசாவோ, காலைல முடி கட்டுறப்ப கெட்டியா இருந்துச்சு. நானே தொட்டுப் பார்த்தேன்" என்றாள் என்னிடம்.

தரையில் முழங்காலிட்டுத் தேடினோம். தொட்டி, அவள் மேலங்கியின் மடிப்பு, பழ ஜாடி என்று ஒன்றையும் விடவில்லை. கிடைக்கவில்லை. ஓனோதெரா கதவை மூடிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: "எங்கயாவது உருண்டு கெடக்கும். எள்ளு அளவு சாமான். இதைப் போய்ச் சொன்னா நாளைக்கு நம்மகிட்ட யாரு வாங்குவா?"

"எள்ளு அளவு, எள்ளு நிறம். அதான் பயம்மா இருக்கு. சோத்துல எப்படிங்க தெரியும்?" என்றாள் கினுயோ.

சங்கத் தலைவர் குமகாயின் எண்ணுக்குக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் எட்டு முப்பத்தாறு. கண்ணாடியை ஒரு கையால் மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் தெருவைக் கடந்து ஓடினாள். அவளைத் தனியாக விட மனம் வராமல் நானும் பின்னால் ஓடினேன். நாங்கள் ஏறியதும் கதவு மூடியது. காலில் சமையலறை ரப்பர் காலணிகள், கையில் பயணச்சீட்டு இல்லை.

ரயில் நகர்ந்ததுமே ஏழெட்டுப் பேர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டிருந்தார்கள். கினுயோ இடுப்பு வரை குனிந்து, சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னாள். அவர்களுடைய சாப்பாட்டில் இரும்புத் திருகாணி ஒன்று இருக்கலாம் என்றும், தயவுசெய்து யாரும் சாப்பிட வேண்டாம் என்றும். ஜன்னலோரம் ஒரு கிழவர் நடைமேடையிலேயே ஆரம்பித்துப் பெட்டியை முழுக்கக் காலி செய்திருந்தார். "நான் முழுங்கியிருந்தா நாளைக்குச் சொல்லி அனுப்புறேம்மா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பல்லில் எதுவும் தட்டுப்பட்டதா என்று கினுயோ அவரை இரண்டு தரம் கேட்டாள்.

குமகாய் விறைப்பான மனிதர். கோட்டில் வெள்ளைச் செவ்வந்தி குத்தியிருந்தார். தன் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "மொட்டுக்குள்ள அசுவினிப் பூச்சி தேடுற கண்ணு நமக்கெல்லாம். தேடுங்க" என்றார். எல்லோரும் மூடிகளை மடியில் கவிழ்த்து வைத்து, சாப்பிடும் குச்சிகளால் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்த்தார்கள். ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து வெளிவந்தது. யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஊதாச் சால்வை போட்ட ஒரு பெண்மணிதான் கண்டெடுத்தார். மீன் பிட்டுத் துண்டின் ஓரமாகச் சரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் குச்சியால் எடுத்துக் கினுயோவின் உள்ளங்கையில் வைத்தார்.

"தொலைஞ்சது ஒண்ணுதானே?"

"ஒண்ணுதாங்க" என்றாள். ஆனாலும் மிச்சப் பெட்டிகளையும் கடைசிவரை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

அடுத்த நிறுத்தம் நாற்பது நிமிடத் தொலைவில். இடம் கொடுத்தும் அவள் உட்காரவில்லை. நாங்கள் இறங்கும்போது குமகாய் சொன்னார்: "நீ வந்து சொன்னது சரிதாம்மா. ஆனா இந்தச் சோறு இனி எனக்கு எறங்காது."

மறுநாளிலிருந்து ஓனோதெராவும் அவளும் இருபத்தேழு வீட்டுக்கும் இனிப்புப் பொட்டலத்தோடு போய் மன்னிப்புக் கேட்டார்கள். அவர் அவளைத் திட்டவில்லை. அந்தச் சங்கம் அதன் பிறகு எங்களிடம் வாங்கவில்லை.

அதைவிட மோசம், கினுயோவால் மூடி போட முடியாமல் போனதுதான். ஒரே பெட்டியை நாலு தடவை திறப்பாள். ஒரு காலையில் முப்பது பெட்டி மூடாமலே நிற்க, ரயில் போய்விட்டது. காய் நறுக்கப் போகிறாயா என்று ஓனோதெரா கேட்டார். தன்னால் ஒரு மனுஷன் தொண்டையில் இரும்பு இறங்கியிருக்கும் என்றும், இனி அந்த இடத்தில் தான் நின்று பார்க்காவிட்டால் தூக்கமே வராது என்றும் அவள் சொன்னாள். அவர் மீன் அடுப்பில் வேறு ஆளைப் போட்டு, என்னைக் கினுயோவின் பக்கத்தில் நிறுத்தினார்.

இப்போது ஒவ்வொரு பெட்டியின் மேலும் இரண்டு பேர் குனிகிறோம். அவள் கண்ணாடிக்குக் கயிறு போட்டிருக்கிறாள். "பார்த்தியா?" என்பாள். "பார்த்தேன்" என்றால் மூடுவாள். இப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகு ஒரு ரயிலையும் விடவில்லை. சில நாள் நான் சொன்ன பிறகும் அவள் கை மூடியின் மேலேயே நிற்கும். என்னை நம்பவில்லை என்று தெரியும். கோபமாகத்தான் வரும். இருந்தாலும் குனிந்து இன்னொரு தரம் பார்க்கிறேன்.