ஆமை வாங்கினோம், அனுமதி வாங்கினோமா?

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் தீவின் தெற்கே செமின் கிரனியே என்ற ஊரில், ஒரு டி-ஷர்ட் பட்டறையில் உட்கார்ந்து ஆமை பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் ஆமை அல்ல... கம்ப்யூட்டர் ஆமை!

பட்டறை வசந்தியுடையது. காத்ர் போர்ன் நகரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். பாங்க் வேலையை உதறிவிட்டு, கரும்புக்காடுகளுக்கு நடுவே ஸ்க்ரீன் பிரிண்டிங் தொடங்கியவர். கடற்கரையெல்லாம் ஹோட்டல் முளைக்கிறதே, வருகிற டூரிஸ்டுகளுக்கு டி-ஷர்ட் வேண்டாமா?

முதல் பெரிய ஆர்டர் கிடைத்திருந்தது. ஆமை படம் போட்ட டி-ஷர்ட். அந்த ஆமை, லண்டனிலிருந்து வரவழைத்த ஒரு சி.டி.யில் இருந்தது. காசு கொடுத்து முறையாக வாங்கிய சி.டி. கூடவே வந்த படப் புத்தகத்தைக் காட்டித்தான் ஹோட்டலில் ஆர்டர் பிடித்திருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர என்னைக் கூப்பிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனுக்கு இதெல்லாம் வாராந்தர சேவை!

ஏற்றும்போது திரையில் நீளமாக ஒரு ஒப்பந்தம் வருமே... யாராவது படித்திருக்கிறீர்களா? அன்று மிஷின் ஆமை வேகத்தில் ஓடியதால் நான் படித்துத் தொலைத்தேன். படத்தைப் பத்திரிகையில் போடலாம், நோட்டீஸில் போடலாம். விற்கிற பொருளின்மேல் போட மட்டும் தனி அனுமதி வேண்டும்!

பக்கத்து அறையில் வெள்ளை டி-ஷர்ட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. சொல்வதா, விழுங்குவதா? சொல்லிவிட்டேன்.

வசந்தி குனிந்து அந்த வரியைத் தானே படித்தார். "அண்ணா, படத்தை வாங்கினேன். விற்கிற உரிமையை வாங்கவில்லை. அப்படித்தானே?" பேசியது கிரியோல், எனக்காக நடுநடுவே ஆங்கிலம். அந்த 'அண்ணா' மட்டும் தமிழ்.

திங்கட்கிழமை லண்டனுக்குப் போன் செய்தார். அனுமதி கிடைக்கும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஹோட்டலுக்கோ சீசன் தொடங்குகிறது. நேரே ஹோட்டலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன்.

அங்கே கடையைக் கவனிக்கிற முஸ்யே, அதாவது ஐயா, சிரித்தார். "கிசன்லா பு கொனே, மதாம்?" யாருக்குத் தெரியப்போகிறது என்கிறார்!

"எனக்குத் தெரியுமே, முஸ்யே. வேறு படம் கொண்டுவருகிறேன். பிடிக்காவிட்டால் ஆர்டரை ரத்து செய்துவிடுங்கள்."

இந்த ஆர்டரை நம்பித்தானே அவ்வளவு துணியும் வாங்கிப் போட்டிருக்கிறார்?

பட்டறையில் அச்சுக்கான ஸ்க்ரீன் தயாரிக்கிற சில்வி நன்றாக வரைவார். வசந்தி கேட்டதும் பாயாங்கே பறவையை வரைந்து தந்தார். எங்கள் தீவின் வெள்ளைப் பறவை, நீண்ட வால் காற்றில் மிதக்க... முஸ்யே அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சொன்னதில் பாதிதான் எடுத்துக்கொள்வேன் என்றார். பாதியாவது தப்பியது!

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

அச்சுக்குப் போகுமுன் வசந்தி, சில்வியை எதிரே உட்காரவைத்தார். "இந்தப் படம் உன்னுடையது. டி-ஷர்ட்டில் போட எனக்கு அனுமதி தருகிறாயா? விற்பதில் உனக்குப் பங்கு உண்டு. படத்துக்குக் கீழே உன் பெயரும் போடுவேன்."

சில்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மதாம், உங்களிடம்தானே சம்பளம் வாங்குகிறேன்! ஒரு சின்னப் படத்துக்கு இவ்வளவா?"

"சம்பளம் ஸ்க்ரீன் வேலைக்கு. அந்த ஆமையையும் எங்கேயோ ஒருவர் உட்கார்ந்துதானே வரைந்திருப்பார்?"

சில்வியின் சிரிப்பு அடங்கியது. சம்மதம் என்று தலையாட்டினார். பிறகு மெல்லக் கேட்டார் — "பெயரைக் கொஞ்சம் பெரிதாகப் போடலாமா, மதாம்?"

சட்டம் நம்மைத் தடுக்கும்போது ஒதுங்கிக்கொள்கிற நல்லவர்கள் உண்டு. ஆனால் யாருமே கேட்காதபோது, அதே சட்டத்தைத் தன் முதலாளி நாற்காலிக்கும் பொருத்திப் பார்க்கிறவர்? நான் பார்த்தது இவர் ஒருவரைத்தான். எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

போன ஞாயிறு காத்ர் போர்ன் சந்தையில் யாரோ ஒருவருடைய கடையில் அதே பாயாங்கே டி-ஷர்ட் தொங்கியது. அப்பட்டமான காப்பி! ஆவேசமாகக் கிட்டே போனேன்.

மனிதர் ஒன்றையும் விடவில்லை... சில்வியின் பெயரையும் சேர்த்தே காப்பியடித்திருந்தார்!