போர்வைக்குள் ஒரு பனிமலை

பிலிம் சுருளில் வெளிச்சம் பட்டால் படம் அழிந்துபோகும் என்று நான் நம்பினேன். அதுவும் நாற்பது வயதில், பூமிசாத்திரம் படிப்பிக்கிற பட்டதாரியாக இருந்துகொண்டு நம்பினேன்.

நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. என் கலியாணத்துக்குப் படம் பிடிக்க வந்தவர், கறுப்புத் துணிக்குள் கமராவையும் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு, "கிட்ட வராதையுங்கோ. வெளிச்சம் பட்டால் மாப்பிள்ளையும் இல்லை, பொம்பிளையும் இல்லை" என்று வெருட்டியிருந்தார். மாப்பிள்ளைக்கு அந்தப் பயம் கடைசிவரை தெளியவில்லை.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்ய வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் எங்களுடையது. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள் கொழும்பிலிருந்து அதற்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரு படங்காட்டும் இயந்திரம். கூடவே ஒரு சின்னத் தகர டப்பாவில் ஒரேயொரு பிலிம் சுருள், பனிமலைகளைப் பற்றி இருபத்திரண்டு படங்கள். சுருளைச் செருகித் திருகினால் ஒவ்வொரு படமாகத் திரையில் விழுமாம். மலை பூமிசாத்திரம் என்பதால் பெட்டி என் தலையில் விழுந்தது.

"வாற வியாழக்கிழமை பள்ளிக்கூடம் பரிசோதிக்க வித்தியாதரிசி வாறார்" என்றார் தலைமையாசிரியர். "ஓட்டிக் காட்டவேணும். இல்லையெண்டால் பெட்டியை வவுனியாப் பக்கம் வேறை பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துப்போடுவினம்."

எனக்கு அந்தப் பெட்டி வேண்டும். பலகையில் வெண்கட்டியால் நான் பனிமலை கீறும்போதெல்லாம் யாராவது ஒரு பிள்ளை, "சேர், இது ஆனையிறவு உப்புக் குவியல்தானே?" என்று கேட்கும். இல்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. நான் கண்ட பனியெல்லாம் மார்கழி விடியலில் வயலுக்கு மேலே நிற்கிற பனிதான்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். விஞ்ஞான ரீச்சர் ஆசிரியப் பயிற்சி முடித்து அப்போதுதான் வந்திருந்தா. ஆனால் அவா என்னைவிடப் பத்து வயது இளையவா. நானோ எல்லாம் தெரிந்தவன் என்று ஆசிரியர் அறையில் பத்து வருடமாக நடித்து வந்தவன். பத்து வருட நடிப்பை ஒரு நாளில் கலைக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன நேரம், சுகமில்லாத பிள்ளைகளைப் படுக்கவைக்கும் அறைக்குள் புகுந்தேன். கட்டிலில் ஏறி, அங்கிருந்த தடித்த போர்வையால் என்னையும் இயந்திரத்தையும் சேர்த்து மூடிக்கொண்டேன். இருட்டில் தடவித் தடவிச் சுருளைச் செருகினேன். ஒரு பக்கத்தால் போனது மறுபக்கத்தால் வரவில்லை, போன பக்கத்தாலேயே திரும்பி வந்தது. வன்னி வெயிலில், போர்வைக்குள், வியர்வை ஆறாக ஓட என் கைகள் நடுங்கத் தொடங்கின. கைகளோடு போர்வையும் நடுங்கியது.

வன்னியில் நடுப்பகலில் ஒருவன் போர்வைக்குள் நடுங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். காடு வெட்டிக் குடியேறிய நாளில் மலேரியா எட்டிப் பார்க்காத வீடு இல்லை.

"மாஸ்ரர், காய்ச்சலோ?"

கணிதம் படிப்பிக்கும் முல்லைத்தீவு மாஸ்ரரின் குரல் அது. உண்மையைச் சொல்ல அது நல்ல தருணம். நான், "ஓம், கொஞ்சம் குளிருது" என்றேன்.

அவர் ஓடினார். தலைமையாசிரியர் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாக் குளிசை இரண்டோடும் ஒரு செம்பு தண்ணீரோடும் வந்தார், பின்னால் மற்றவர்களும். ஆமைபோலத் தலையை மட்டும் வெளியே நீட்டி, இரண்டு குளிசையையும் விழுங்கினேன்.

"இந்தக் கிழமை எழும்பப்படாது" என்றார் தலைமையாசிரியர். "வியாழக்கிழமை பெட்டியைக் குடுத்து விடுவம். உயிரைவிடப் பெட்டி பெரிசே?"

கொயினாவைவிட அந்தப் பேச்சுத்தான் கசந்தது. அவர்கள் போன பிறகும் வாசலில் விஞ்ஞான ரீச்சர் நின்றா.

"காய்ச்சல் உங்களுக்கோ மாஸ்ரர், பிலிமுக்கோ?"

போர்வையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"போர்வைக்கு வெளியிலை வால் தெரியுது."

ஒரு சாண் பிலிம் கட்டிலால் தொங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, வெளிச்சம் பட்டிட்டுது" என்று வாய்விட்டேன்.

அவா சிரிக்கவில்லை. வாலைப் பிடித்து மெல்ல இழுத்து யன்னல் வெயிலில் காட்டினா. நகமளவு சதுரங்களில் வெள்ளை மலைகள். "இது கழுவி முடிச்ச படம். இனி வெளிச்சம் ஒண்டும் செய்யாது. உங்கடை கலியாணப் படத்தைப் பகலிலை பாக்கிறேல்லையோ?"

"ரீச்சர், இதை ஒருத்தருக்கும்..."

"நான் ஏன் சொல்லுறன்? பயிற்சிக் கல்லூரியிலை நான் சுருளை நேராப் போட்டு, படத்திலை மாடெல்லாம் காலை மேலை தூக்கிக்கொண்டு நிண்டது. பக்கத்திலை இருந்தவதான் காட்டித் தந்தவ. தலைகீழாச் செருகினால்தான் நேரா விழும்."

அடுத்த நாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டதென்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கொயினாவை மெச்சிக்கொண்டு, புதன்கிழமை வரை வேளை தவறாமல் தன் கையாலேயே தந்தார். ஒவ்வொரு பொய்க்கும் இரண்டு குளிசை.

பள்ளிக்கூடத்தில் மின்சாரம் இல்லாததால் கணித மாஸ்ரர் தன் தமையனின் லொறிப் பற்றறியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். அரைச்சுவர் வகுப்பை, நெல் சூடடிக்க விரிக்கும் படங்குகளால் மூடி இருட்டாக்கினோம். திரைக்கு என் வேட்டி. செவ்வாய், புதன் இரண்டு நாளும் பள்ளி விட்டபின் பழகினேன். ரீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொன்னா. நான் எத்தனை தரம் பிழைவிட்டாலும் அந்தக் கை முன்னுக்கு வரவில்லை. எனக்குக் கிடைத்த பாடங்களில் அதற்குத்தான் இன்றும் அதிகம் கடமைப்பட்டிருக்கிறேன்.

"நான் பின்னாலை பிள்ளையளின்ரை வாங்கிலை இருப்பன். இருமினால் சுருளைப் பாருங்கோ" என்றா.

வியாழக்கிழமை வித்தியாதரிசி கதிரையில் அமர்ந்தார். முதல் படம் விழுந்தது. மலை கூரையிலிருந்து தொங்கியது. பதற்றத்தில் சுருளை நேராகப் போட்டிருந்தேன். ரீச்சர் இருமினாவாம். ஒரு தரமல்ல, நாலு தரம். கொயினாவால் என் காது இரைந்துகொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பற்றறிக்குக் காவலிருந்த கணித மாஸ்ரர் என் தொடையைக் கிள்ளினார்.

"மாஸ்ரர், மலைக்கும் காய்ச்சல். திருப்பிப் போடுங்கோ."

அப்போதுதான் தெரிந்தது, திங்கட்கிழமையே அவருக்கும் வால் தெரிந்திருக்கிறதென்று. கழற்றித் தலைகீழாகச் செருகினேன். கை நடுங்கவில்லை. மலை நிமிர்ந்தது. இருட்டில் ஒரு பிள்ளை, "உப்பில்லை" என்று மெதுவாகச் சொன்னது.

வித்தியாதரிசி இருபத்திரண்டு படங்களையும் பார்த்தார். பெட்டி எங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருந்தது.